கொழுந்துக் கூடையின் பாரம்

சரித்திரம் என்றவுடன் எமது மனத்திலே முதலில் எழுவோர் மன்னரும் மந்திரிமாரும் படைத்தலைவருமே ஆவர். கல்வெட்டுக்கள் அவர்களுடைய பெயர்களைத் தாங்கி நிற்கின்றன; பாடநூல்கள் அவர்களுடைய வெற்றி தோல்விகளைப் பேசுகின்றன. ஆயின், ஒரு நாட்டின் செல்வத்தைத் தமது முதுகிலே சுமந்து நின்றும் ஒரு கல்வெட்டிலேனும் பெயர் பெறாது மறைந்தோர் எண்ணிலர். அவர்களுடைய கதையும் சரித்திரமே. அக்கதைகளுள் ஒன்றினை இம்மலரிலே எமது இளைஞர் முன்பும் பெரியோர் முன்பும் வைக்க விரும்புகின்றோம். அது இலங்கையின் மலைநாட்டிலே தேயிலைக் கொழுந்து கொய்யும் பெண்ணின் கதையாகும்.

எத்தனையோ பொருள்கள் இருக்க, இதனை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மக்களிடையே ஏற்றத்தாழ்வு எங்ஙனம் தோன்றுகின்றது, எங்ஙனம் நிலைபெறுகின்றது என்பதை அறிய விரும்புவோர் தூரதேசங்களுக்குச் செல்ல வேண்டியதில்லை. எமது நாட்டின் மலைச்சரிவுகளிலேயே அதன் முழு உருவத்தையுங் காணலாம். உழைப்பவர், உழைப்பின் பயனைப் பெறுபவர் என்னும் வர்க்கபேதம் ஒன்று. ஆள்பவர் இனம், ஆளப்படுபவர் இனம் என்னும் இனபேதம் இரண்டாவது. ஆண், பெண் என்னும் பால்பேதம் மூன்றாவது. இவற்றுடன் எமது சமூகத்திற்கேயுரிய சாதிபேதமும் சேர்ந்துகொண்டது. இவை தனித்தனியே நிற்பன அல்ல; ஒன்றோடொன்று முறுக்கேறிக் கயிறாய்த் திரண்டவை. ஒரு புரியை அறுத்தாலும் ஏனைய புரிகள் கட்டை விடுவதில்லை. இவ்வுண்மையைத் தனது வாழ்விலே அனுபவித்து அறிந்தவள் மலையகப் பெண்ணே ஆவாள்.

மலைநாட்டிற்கு வந்த வரலாறு

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டுகளிலேயே மலைநாட்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. 1840 இல் இயற்றப்பட்ட முடிக்குரிய நிலங்கள் பற்றிய சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசுக்குரியன ஆக்கிற்று. அந்நிலங்கள் தோட்ட முதலாளிகளுக்கு மலிவாக விற்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக விறகு வெட்டியும் மாடு மேய்த்தும் சேனை செய்தும் வந்த கண்டிச் சிங்களக் குடியானவர் தமது நிலத்தை இழந்தனர். தமது வயலை விட்டுத் தோட்டத்திலே நிரந்தரக் கூலியாக வாழ அவர்களிற் பலர் விரும்பவில்லை. எனவே தோட்டத்துரைமார் கடலுக்கு அப்பால் நோக்கினர்.

அங்கே திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலும் பஞ்சமும் கடனும் மக்களை வாட்டின. அங்கிருந்து புறப்பட்டோருட் பெரும்பகுதியினர் நிலமற்றவர்கள். பண்ணையடிமைகளாய் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் இராமேசுவரக் கரையிலிருந்து தோணியிலே கடல் கடந்து, மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைவரை கால்நடையாக வந்தனர். வாந்திபேதியாலும் மலேரியாக் காய்ச்சலாலும் பசியாலும் ஆயிரக்கணக்கானோர் அவ்வழியிலேயே மாண்டனர். அவர்களுக்குச் சமாதியும் இல்லை, நினைவுக்கல்லும் இல்லை.

இங்கே ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். சிங்களக் குடியானவன் நிலத்தை இழந்தான். தமிழ்க் கூலியாள் ஊரை இழந்தான். இருவர் இழப்பினாலும் இலாபம் பெற்றது ஒரே முதலாளி வர்க்கமாகும். ஆயினும், காலப்போக்கிலே இழந்தவர் இருவரும் ஒருவரை ஒருவர் பகைவராக நோக்கும் நிலை உருவாயிற்று. வர்க்கத்தினால் விளைந்த துன்பம் இனப்பகையாக உருமாறிய விதம் இதுவேயாம்.

கங்காணியும் துண்டும்

தொழிலாளரைத் திரட்டி வந்தவன் கங்காணி. பெரிய கங்காணி ஒருவனின் கீழே சில்லறைக் கங்காணிகள் பலர் இருந்தனர். பெரிய கங்காணிமார் பெரும்பாலும் உயர்ந்தவையெனக் கருதப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊரிலே தொழிலாளிக்கு முற்பணம் கொடுத்து, வழிச்செலவும் அரிசியும் அக்கணக்கிலே ஏற்றி, தோட்டத்திற்கு வந்து சேரும்பொழுதே அவனைக் கடனாளியாக்கிவிடுவது அம்முறையின் இயல்பு. அக்கடனோ பெரும்பாலும் அவன் ஆயுள்வரை தீர்வதில்லை.

ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்திற்குச் செல்ல விரும்பினாற் ‘துண்டு’ எனப்படும் சீட்டு வேண்டும். இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இத்தனை ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுப்பதே அச்சீட்டு. ஆடுமாடுகளை விலைபேசுவதுபோல மனிதரை விலைபேச அத்துண்டு உதவிற்று. மேலும், 1865 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின்படி வேலையை விட்டு நீங்குவது குற்றமாகி, சிறைத்தண்டனைக்கும் உரியதாயிற்று. கடனுக்காகக் கட்டுண்டவன் ஓடினாற் கள்வனைப்போல் விலங்கிடப்பட்டான்.

தோட்டத்திலே துரை வெள்ளையர்; அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளையும் கங்காணிமாரும்; அவர்களுக்குக் கீழே தொழிலாளர். லயங்களிலுஞ் சாதி பார்த்தே காம்பிராக்கள் ஒதுக்கப்பட்டமையுண்டு. ஊரிலே மிராசுதாரர் முன்னிலையில் எவ்வாறு குனிந்து நின்றனரோ, அவ்வாறே கங்காணி முன்னிலையிலும் குனிந்து நின்றனர். பழைய சாதிக்கட்டு புதிய முதலாளித்துவத்திற்கு இடையூறாய் இருக்கவில்லை; அதற்குக் கைகொடுத்தது. குனிந்து பழகிய முதுகுகளை மேலுங் குனியச் செய்தல் துரைக்கு எளிதாயிற்று.

தேயிலையும் பெண்ணும்

கோப்பிக் காலத்திலே வந்தோருட் பெரும்பாலோர் ஆடவர். பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869 அளவிலே கோப்பி இலைகளிலே ஒருவகைத் துருநோய் தோன்றிற்று. அடுத்த இருபது ஆண்டுகளுட் கோப்பிப் பயிர் அழிந்தொழிந்தது. 1867 இலே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது.

இம்மாற்றம் வெறும் பயிர்மாற்றம் அன்று. குடும்பங்களின் வாழ்வையே அது மாற்றியமைத்தது. கோப்பி பருவப் பயிர். தேயிலையோ வருடம் முழுவதும் கொழுந்து விடுவது. வாரத்திற்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு மலையையுஞ் சுற்றிவந்து கொய்தல் வேண்டும். ஆதலினாற் பருவத்திற்கு வந்து போகும் ஆடவர் போதாராயினர். வருடம் முழுவதும் தோட்டத்திலேயே தங்கியிருக்கும் குடும்பங்கள் வேண்டப்பட்டன. குடும்பம் வந்தால் தொழிலாளி ஓடமாட்டான்; பெண் வந்தாற் குறைந்த கூலிக்குக் கொழுந்து கொய்வாள்; பிள்ளைகள் பிறந்து வளர்ந்தால் அவர்களும் வேலைக்கு ஆவர். தோட்டத்துரைமாரின் கணக்கு இதுவே. பெண்ணின் விரல்கள் மென்மையானவை, கொழுந்து கொய்வதற்கே ஏற்றவை என்று பின்னர் அழகாகக் கூறப்பட்டது. உண்மைக் காரணம் விரலின் மென்மை அன்று, கூலியின் குறைவே என்பது சம்பளப் புத்தகத்தைப் புரட்டுவோர்க்கு விளங்கும்.

அச்சம்பளப் புத்தகத்தை நாமும் ஒருகணம் புரட்டிப் பார்ப்போம். 1927 ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர்க்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி 1929 இலே மலைநாட்டுத் தோட்டங்களில் நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என விதிக்கப்பட்டது. தொழிலாளரைக் காப்பதற்கென எழுந்த சட்டமே பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே பெறும் என்று எழுதி முத்திரை குத்திற்று. அதுவரை வழக்கமாயிருந்த ஏற்றத்தாழ்வு அன்றுமுதற் சட்டமாயிற்று.

ஆனால் வேலையின் அளவோ மாறானது. ஆண்கள் கவ்வாத்து வெட்டுதல், கான் வெட்டுதல், உரம் போடுதல் முதலியவற்றைச் செய்தனர். அவ்வேலை முடிந்தால் நேரத்தோடு வீடு திரும்பலாம். பெண்ணோ மாலைவரை மலையிலே நிற்பாள். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பெரட்டுக்களத்திற்கு ஓடுவாள். மழையிலும் பனியிலும் அட்டைக்கடியிலும் நின்று, நிறுவைக்காகக் கூடையைச் சுமந்து வருவாள். நிறுவையிலே தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் இறாத்தல்கள் கழியும். கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’ விழும். மாலையில் லயத்திற்குத் திரும்பினால் மீண்டும் அடுப்பும் தண்ணீர்க் குடமும் காத்திருக்கும். இவ்வளவும் செய்தும் சம்பள நாளிலே அவளுடைய பணத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்வது நெடுங்கால வழக்கமாயிருந்தது.

சீர்திருத்தம் செய்தோர்

இருள் மாத்திரமே இருந்தது என்று நாம் கூறவில்லை. நீதிக்காகக் குரல் எழுப்பிய பெரியோர் எம்மவரிலே இருந்தனர். சேர். பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1919 இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளியைச் சிறையிடும் சட்டவிதிகளை ஒழிக்க அவர் இடையறாது பாடுபட்டார். 1921 இலே துண்டு முறையும் ஒழிக்கப்பட்டது. உயர்குடிப் பிறந்து, உயர் உத்தியோகம் வகித்த ஒருவர், தம்மினும் மிகத் தாழ்ந்த நிலையிலிருந்தோரின் விலங்கை உடைக்க முன்வந்தமை எமது சரித்திரத்தின் ஒளிமிக்க பக்கங்களுள் ஒன்றாகும்.

தஞ்சைப் பகுதியினின்றும் வந்த கோதண்டராம நடேசய்யர் 1931 இலே அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர்க்கெனத் தொழிற்சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிலே தாமே பாட்டுக்கள் இயற்றிப் பாடினார். எழுத்தறியாத தொழிலாளர் அப்பாட்டுக்களைக் கேட்டுத் தமது நிலைமையை உணர்ந்தனர். துரையின் அனுமதியின்றித் தோட்டத்தினுட் கால்வைப்பதே குற்றமாயிருந்த அக்காலத்தில், ஒரு பெண்மணி பொதுமேடை ஏறித் தொழிலாளர் துயரைப் பாடியமை எளிய செயலன்று.

வாக்குரிமை வந்தபோது

1927 இன் இறுதியிலே டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அக்காலத்திலே சொத்தும் கல்வியும் உடைய ஆடவர்க்கே வாக்குரிமை இருந்தது. நாட்டு மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரே அதனைப் பெற்றிருந்தனர். ஆணைக்குழுவின் முன் தோன்றிய தலைவர்களிற் பலர் தமக்குக் கூடுதலான அதிகாரம் கேட்டனர். எல்லார்க்கும் வாக்குரிமை கேட்டோர் மிகச் சிலரே. ஏழையும் பெண்ணும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் வாக்களித்தால் நாடு சீர்குலையும் என்று அஞ்சியோர் பலர்.

சேர். பொன். இராமநாதன் அவர்களும் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தோருள் ஒருவர். இதனைக் கூறும்போது எமது மனம் வருந்துகின்றது. 1913 இலே மருதனார்மடத்திற் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய பெருமகனார் அவரே. சைவப் பெண்மணிகள் பலர் கல்விக்கண் பெற்றது அவரால். ஆயினும், பெண்ணுக்குப் பாடசாலை திறந்த அதே கரம், வாக்குச்சாவடியின் கதவைத் திறக்கத் தயங்கிற்று. பெரியோரைப் போற்றுவது எமது கடன். அவர்களுடைய தவறினின்றும் பாடங் கற்பதும் எமது கடனே.

இதற்கு மாறான குரலும் அன்று எழுந்தது. 1927 இலே தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா முதலிய பெண்மணிகள் ஆணைக்குழுவின் முன் சென்றனர். தோட்டங்களிலுள்ள இந்தியத் தமிழ்ப் பெண் தொழிலாளர்க்கும் வாக்குரிமை வேண்டுமோ என வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார். கொழும்பிலே வசதியாக வாழ்ந்த ஒரு பெண்மணி, மலைச்சரிவிலே கூடை சுமக்கும் பெண்ணைத் தம்முள் ஒருத்தியாக எண்ணிக் கூறிய அச்சிறு விடையே, அவ்விசாரணையில் நாம் நினைவிற் கொள்ளத்தக்க பெருவாக்கு என்று கருதுகின்றோம்.

ஆணைக்குழு பெண்களுக்கு முப்பது வயதில் வாக்குரிமை அளிக்கலாம் என்றது. பின்னர் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் இருபத்தொரு வயது என மாற்றப்பட்டு, 1931 இலே முதலாவது தேர்தல் நடைபெற்றது. பிரான்சு நாட்டுப் பெண்கள் 1944 வரையும், சுவிற்சர்லாந்துப் பெண்கள் தேசியத் தேர்தல்களில் 1971 வரையும் பெறாத உரிமையை இலங்கைப் பெண் 1931 இலே பெற்றாள். பெருமைப்படத்தக்க செய்தியே இது.

ஆயினும் தோட்டத் தொழிலாளர் விடயத்தில் மாத்திரம் நிபந்தனைகள் குறுக்கிட்டன. நிரந்தர வாசம், சொத்து, எழுத்தறிவு, நிலையாகக் குடியேறியமைக்கான அத்தாட்சிப் பத்திரம் என ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகள் வைக்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவளும், காணியில்லாதவளும், உத்தியோகத்தர் முன்சென்று பேச அஞ்சியவளும் ஆகிய பெண் இத்தடைகளை எங்ஙனம் தாண்டுவாள்? 1931 இலே பதிவான இந்திய வாக்காளர் ஏறத்தாழ ஓரிலட்சம் பேரே.

வடபகுதியிலும் அவ்வாண்டு ஒரு விநோதம் நிகழ்ந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் பூரண சுயராச்சியம் கிடைக்கவில்லை என்று கூறித் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தனர். யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. பாடசாலைகளிற் சம ஆசனத்திற்கும் சமபோசனத்திற்கும் துணிந்து நின்ற உத்தம இளைஞர்களே அவர்கள். அவர்களுடைய நோக்கம் உயர்ந்தது. ஆனால், சரித்திரத்திலே முதன்முறையாக வாக்களிக்கவிருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணும், ஒடுக்கப்பட்ட சாதி மனிதனும் 1934 வரை காத்திருக்க நேர்ந்தது. உயர்ந்த இலட்சியத்தின் பெயராலுங்கூடத் தாழ்ந்தவரின் முறை பின்தள்ளப்படலாம் என்பதற்கு இது சான்று.

கொடுத்ததைப் பறித்த காலம்

1947 ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். அடுத்த ஆண்டு சுதந்திரம் வந்தது. சுதந்திரம் வந்த அதே 1948 இலே பிரசாவுரிமைச் சட்டமும் வந்தது. தந்தையும், சில சந்தர்ப்பங்களிற் பாட்டனும் இந்நாட்டிற் பிறந்தமையை நிரூபிக்க வேண்டும் என அது விதித்தது. பிறப்புப் பத்திரமே அரிதாயிருந்த லயங்களிலே பாட்டனின் பிறப்பிற்குப் பத்திரம் எங்கே கிடைக்கும்? 1949 இன் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் நீக்கிற்று. வெள்ளையர் ஆட்சியிற் கிடைத்த சிறிய உரிமை, சுதேசியர் ஆட்சியிற் பறிபோயிற்று.

1948 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழ்த் தலைவர்களிற் பலர் எதிர்த்து வாக்களித்தனர். ஆனால் 1949 இலே வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்திற்கு, அப்பொழுது அமைச்சராயிருந்த ஜி. ஜி. பொன்னம்பலம் ஆதரவளித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் பிரிந்து சென்று, 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியை நிறுவியதற்கு மலையக மக்களின் பிரசாவுரிமைப் பிரச்சினையும் ஒரு காரணமாகும். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர்.

இங்கும் பெண்ணின் நிலை தனியாக நோக்கத்தக்கது. அக்காலத்திலே பிரசாவுரிமை தந்தைவழியே இறங்கிற்று, தாய்வழி இறங்கவில்லை. மணமான ஆடவரின் விண்ணப்பத்திலே மனைவி இடையறாது இந்நாட்டில் வசித்தமையும் நிரூபிக்கப்பட வேண்டியிருந்தது. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் எமது வழக்கம் யாவரும் அறிந்ததே. தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்த பெண்ணுக்கு அவ்வழக்கமே தடையாகலாம் என்பதை உணர்க. இனத்தின் பெயரால் எழுந்த சட்டம், பெண்ணின் உடலையும் தாய்மையையும் தனது கணக்கிலே சேர்த்துக்கொண்டது.

1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மக்களின் எதிர்காலம் இரு நாடுகளிடையே பங்கிடப்பட்டது: 5,25,000 பேர் இந்தியாவிற்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரை 1974 இலே இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அம்மக்களை எவருங் கேட்கவில்லை. மகள் இங்கும் தாய் அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. மலைநாட்டினின்றும் தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றழைத்தனர். தேசிய கணக்குப் புத்தகத்திலே எண்களாய் நின்றோர் அந்தக் கோச்சியின் சன்னலிலே முகங்களாய்த் தோன்றினர்.

சம்பளமும் உரிமையும்

தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாயின. வெள்ளைத்துரை போனார், பெண்ணின் குறைந்த சம்பளம் போகவில்லை. வலிமைமிக்க தொழிற்சங்கங்கள் இருந்தன. அவற்றின் சந்தாவைக் கட்டியோரிற் பெரும்பகுதியினர் பெண்கள். மேடையில் அமர்ந்த தலைவர்கள் ஆண்கள். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையேயுள்ள அநீதியைக் கண்ட சங்கங்கள், ஆண் தொழிலாளிக்கும் பெண் தொழிலாளிக்கும் இடையேயுள்ள அநீதியை நெடுங்காலம் கண்டும் காணாதிருந்தன. 1984 ஏப்ரலில் நடைபெற்ற வேலைநிறுத்தத்தை அடுத்தே ஆண் பெண் இருபாலார்க்கும் சம நாட்சம்பளம் கிடைத்தது. 1929 இலே சட்டத்திலேறிய வேற்றுமையை நீக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

நாடற்றோர் பிரச்சினை 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் பெருமளவிலும், 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் எஞ்சியோர்க்குந் தீர்க்கப்பட்டது. தாய்வழியாகவும் பிள்ளைக்குப் பிரசாவுரிமை இறங்கலாம் என்ற திருத்தமும் அதே 2003 இலேயே நிறைவேறிற்று. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 இலே நிறைவேறிற்று. ஒவ்வொன்றும் வெற்றியே. ஆயின் ஒவ்வொன்றும் எத்துணைத் தாமதமாக வந்தது என்பதையும், ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசியில் நின்றவள் யார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

எமது வீட்டின் கதவு

இதுவரை துரையையும் அரசையும் கங்காணியையும் பேசினோம். இனி எம்மைப் பற்றியும் பேசுதல் வேண்டும். பிறர் குற்றத்தை மாத்திரம் எழுதி முடிப்பது சரித்திரமாகாது.

வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த நாம், இனத்தின் பெயரால் எமக்கு இழைக்கப்பட்ட அநீதியை உரத்த குரலிற் பேசினோம், பேசியது நியாயமே. ஆனால் அதே காலத்தில் மலையகத்தவரைத் ‘தோட்டக்காட்டார்’ என்று இகழ்ந்த நாக்கும் எம்முடையதே. அவர்களுடைய சிறுமியர் எத்தனையோ பேர் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எமது இல்லங்களிற் பாத்திரம் துலக்கினர். எமது பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும்போது அவர்களுடைய புத்தகப் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றனர். 1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த இனக்கலவரங்களால் மலைநாட்டினின்றும் வன்னிக்கு ஓடிவந்த குடும்பங்களிற் பல, எமது வயல்களிலே மீண்டும் நிலமற்ற கூலிகளாயின. ஒரே மொழி, ஒரே தெய்வம், ஒரே துன்பம் என்று மேடையிற் சொன்னோம். உண்ணும் இலையிலும் உறங்கும் திண்ணையிலும் வேற்றுமை பாராட்டினோம்.

1957 இலே சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968 இலே மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்திற்காக மக்கள் வாயிலில் நிற்க வேண்டியிருந்தது. நந்தனாரை நாயன்மாராக வணங்குவதும், நந்தனாரின் மரபினரை வாயிலிலே நிறுத்துவதும் எங்ஙனம் ஒரே உள்ளத்திற் பொருந்தும்? காரைக்காலம்மையாரை அம்மையே என்று போற்றுவதும், வீட்டிலுள்ள பெண்ணின் கூலியை அவளறியாது கைக்கொள்வதும் எங்ஙனம் பொருந்தும்?

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே. அநீதியை மேல்நோக்கிக் காண்பது எளிது. கீழ்நோக்கிக் காண்பது அரிது. ஆங்கிலேயரிடம் உரிமை கேட்ட தலைவர் தமக்குக் கீழுள்ளவர்க்கு வாக்குரிமை மறுத்தார். சுதந்திரம் பெற்ற நாடு, தனது செல்வத்தை உழைத்துத் தந்தவரை நாடற்றவராக்கிற்று. இனத்தால் ஒடுக்கப்பட்ட நாம் சாதியால் ஒடுக்கினோம். வர்க்கத்தால் ஒடுக்கப்பட்ட ஆண் தன் மனைவியின் சம்பளத்தை வாங்கிக்கொண்டான். ஒவ்வொருவனும் தன் கழுத்திலுள்ள கயிற்றை உணர்ந்தான். தன் கையிலுள்ள கயிற்றை உணர்ந்தானில்லை.

அன்பார்ந்த இளைஞர்களே! உரிமைக்காகக் குரலெழுப்பும் காலம் உங்களுக்கும் வரும். அப்பொழுது, இவ்வுரிமை கிடைத்தால் இன்னும் யார் வெளியே நிற்பர் என்ற ஒரு கேள்வியை முதலிற் கேளுங்கள். எமது சங்கத்திலிருந்தே அதனைத் தொடங்கலாம். கூட்டத்தில் மேடையில் அமர்பவர் யார், சமையற்கட்டிலே நிற்பவர் யார், கூட்டம் முடிந்தபின் மண்டபத்தைக் கூட்டுபவர் யார் என்று ஒருமுறை பாருங்கள். அங்கத்தவர் பட்டியலிலே எவருடைய பெயர்கள் இல்லை என்றும் பாருங்கள். மலையகத்துப் பாடசாலை ஒன்றோடு தொடர்புகொண்டு, உயர்வகுப்பிற்குச் செல்ல வசதியில்லாத மாணவியர் சிலருக்கேனும் உதவும் திட்டத்தை எமது சங்கம் மேற்கொள்ளலாம். அது தருமம் என்று எண்ணற்க. இருநூறு ஆண்டுக் கடனில் ஒரு சிறு தவணை என்று எண்ணுக.

பெரியோர்களே! வழக்கம் என்பது பழமையினாலேயே நியாயமாகிவிடாது. பெண்ணுக்கு 43 சதம் என்பதும் ஒருகாலத்தில் வழக்கமாகவே இருந்தது. இளைஞர் கேள்வி கேட்கும்போது அவர்களை அடக்காது, உங்கள் அனுபவத்தை அவர்களுக்குத் துணையாகத் தாருங்கள்.

இவ்வாண்டு விழாவிலும் கூட்டம் முடிந்தபின் வழக்கம்போலத் தேநீர் வழங்கப்படும். அக்கோப்பையைக் கையிலெடுக்கும்போது, அதிகாலைக் குளிரிலே நெற்றியிற் கயிறு மாட்டி, முதுகிலே கூடையைச் சுமந்து மலையேறும் சகோதரியை நாம் நினைவிற் கொள்வோமாக. நினைப்பதோடு நின்றுவிடாது, அவளுடைய கூடையின் பாரத்தில் எமது பங்கும் உண்டென்பதை உணர்ந்து, அதனைக் குறைக்க எம்மாலியன்றதைச் செய்வோமாக.